முடியில் ஏற்கெனவே சாயம் ஏறியிருக்கிறதா? பார்லரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது வருடமாகப் பார்லர் நடத்துகிறேன். கலர் பண்ண வந்து நாற்காலியில் உட்காருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, "இதுக்கு முன்னாடி கலர் பண்ணியிருக்கீங்களா?" பலரும் யோசிக்காமல் "இல்லக்கா" என்பார்கள். வேண்டுமென்று மறைக்கிறவர்கள் மிகக் குறைவு. மாதம் ஒருமுறை போடும் மருதாணியையோ, தினமும் தேய்க்கும் கருப்பு எண்ணெயையோ, அக்கா கல்யாணத்துக்காக நாலு வருடத்துக்கு முன் போட்ட ஷாம்பூ டையையோ அவர்கள் கலர் என்று நினைப்பதே இல்லை. அதனால் அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, முடியையும் ஒருமுறை விசாரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். எப்படி விசாரிப்பது என்று கடைக்கு வருகிறவர்களும், என்னிடம் தொழில் கற்ற பெண்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

முன்பு சாயம் போட்டிருந்தால் என்ன? மேலே புதுக் கலரைப் போட்டால் போகிறது, இல்லையா?

இல்லை. சாயத்தின் மேல் போடும் சாயம் முடியை வெளுக்காது. எங்கள் தொழிலில் முதல் பாடமே இதுதான். கருப்பு டை அடித்த முடியில் பழுப்பு கலரைப் பூசினால், புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் பளிச்சென்று செம்பழுப்பாகும். அதற்குக் கீழே இருப்பது கருப்பாகவே நிற்கும். தலையில் தொப்பி வைத்ததுபோல இரண்டு நிறம். அந்தக் கருப்பை எடுக்க வேண்டுமென்றால் ப்ளீச் தேவை, அல்லது சாயம் நீக்கும் மருந்து தேவை. எது, எவ்வளவு என்பது உள்ளே என்ன ஏறியிருக்கிறது என்று தெரிந்தால்தான் முடிவாகும்.

இன்னொரு காரணம் பாதுகாப்பு. சில பொடிகளிலும் எண்ணெய்களிலும் உலோக உப்பு இருக்கும். அதன் மேல், ப்ளீச்சிலும் நிரந்தரக் கலரிலும் கலக்கும் பெராக்சைடு பட்டால் முடி சூடாகி, உருகினாற்போல் அறுந்து வரும். இதைப் பற்றிக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

நாலு வருடத்துக்கு முன் ஒரே ஒரு தடவை போட்டது. அது இன்னுமா இருக்கும்?

உங்கள் முடி எவ்வளவு நீளம்? தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.25 செ.மீ. வளரும். இடுப்பைத் தொடும் 75 செ.மீ. முடியின் நுனிக்கு ஐந்து வயதுக்கு மேல் ஆகிறது. தோள்வரை உள்ள 30 செ.மீ. முடியின் நுனிக்கு இரண்டு, இரண்டரை வயது. நிரந்தரச் சாயம் முடித்தண்டின் உள்ளே போய்ப் பெரிய மூலக்கூறுகளாக உருமாறி அங்கேயே மாட்டிக்கொள்கிறது. வெளுத்துச் சிவக்கும், ஆனால் முழுதாக வெளியேறாது. வளர்ந்து, கீழே இறங்கி, கத்தரியில் விழும்வரை அது உங்களோடுதான் இருக்கும். நாலு வருடத்தில் 50, 60 செ.மீ. வளர்ந்திருக்கும். உங்கள் முடி அதைவிட நீளம் என்றால், ஆம், நுனியில் இன்னும் இருக்கிறது.

கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? எங்கே பார்க்க வேண்டும்?

பெரும்பாலும் முடியும். ஆனால் டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். காலை வெயிலில், ஜன்னல் ஓரமாகவோ வாசலிலோ நின்று பாருங்கள். எண்ணெய் இல்லாமல், அலசிக் காய்ந்த முடியாக இருக்க வேண்டும்.

முதலில் வேரையும் நுனியையும் ஒப்பிடுங்கள். நம் ஊர்க் கருப்பு முடி, சாயம் படாததாக இருந்தால், வேரில் அடர்த்தியாகவும் நுனியில் சற்றுப் பழுப்பாகவும் இருக்கும். நுனி வருடக்கணக்கில் வெயில் பட்டது, அதனால் இயல்பாகவே மங்கும். வீட்டிலேயே டை அடிக்கிறவர்களின் முடி இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு முறையும் வேரிலிருந்து நுனிவரை இழுத்துப் பூசுவதால் நுனியில் சாயம் படிந்து படிந்து, அட்டைக் கருப்பாக, ஒளி ஊடுருவாமல் நிற்கும். வேரில் சாம்பலும் பழுப்புமாக இருக்க, நுனி மட்டும் மை போலக் கருத்திருந்தால் நான் மேற்கொண்டு கேட்கவே தேவையில்லை.

அடுத்தது ஒரே சீரான நிறம். இயற்கைக் கருப்பு என்பது ஒரே கருப்பு அல்ல. ஒரு கொத்தை வெயிலில் விரித்துப் பிடித்தால் சில இழைகள் கருப்பு, சில ஆழ்ந்த பழுப்பு, ஓரங்களில் காப்பி நிற மினுக்கம் என்று கலந்து தெரியும். சாயம் ஏறிய முடியில் இந்தக் கலப்பு இருக்காது. எல்லா இழையும் ஒரே நிறம். வெயிலில் நீலமோ கத்தரிப்பூ நிறமோ ஓடினால் அது புதுக் கருப்பு டை. துருப்பிடித்த சிவப்பு ஓடினால் பழைய டை வெளுக்கிறது என்று அர்த்தம், அல்லது மருதாணி.

அப்புறம், கை எட்டாத இடங்கள். காதுக்குப் பின்னால், பிடரியில் மயிர்க்கோட்டுக்குச் சற்று மேலே, நெற்றி ஓரத்துப் பூனைமுடி. வீட்டில் தனக்குத்தானே பூசிக்கொள்கிறவர் இந்த இடங்களைப் பெரும்பாலும் தவறவிடுவார். பிடரி முடியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளடுக்கு ஒரு நிறமாகவும் மேலடுக்கு இன்னொரு நிறமாகவும் இருக்கும். நான் முதலில் பார்ப்பதே பிடரியைத்தான். உச்சந்தலையில் எத்தனை கவனமாகப் பூசியிருந்தாலும் பிடரி காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசியாகப் புருவம். புருவத்தில் யாரும் அவ்வளவாகச் சாயம் போடுவதில்லை. புருவம் நரைகலந்த பழுப்பாக இருக்க, தலை மட்டும் கருவண்டு போல இருந்தால் புரிந்துகொள்ளலாம். ஆனால் இதை மட்டுமே வைத்து முடிவு கட்டாதீர்கள். புருவமும் தலைமுடியும் இயல்பிலேயே கொஞ்சம் வேறுபடலாம்.

நரை இருக்கிறவர்களுக்கு எப்படிப் பார்ப்பது?

அவர்களுக்குத்தான் மிகச் சுலபம். ஒரு நரைமுடியை எடுத்து வெள்ளைத் தாளின் மேலும், அப்புறம் கறுப்புத் துணியின் மேலும் வைத்துப் பாருங்கள். வேரிலிருந்து இரண்டு செ.மீ. வெள்ளை, அதன்பின் சட்டென்று கருப்பு என்று ஒரு கோடு தெரிந்தால் அது சாயம். இரண்டு செ.மீ. என்றால் போட்டு ஒன்றரை, இரண்டு மாதம் ஆகிறது என்றும் கணக்குச் சொல்லிவிடலாம்.

ஒரு முடி கருப்பாக வளர்ந்து நடுவில் நரைப்பதும் உண்டுதானே என்று கேட்பார்கள். உண்டு. நரைத்த முடி திரும்பக் கருப்பதுகூட உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒற்றை முடிகளை நீளவாக்கில் அளந்து பார்த்து அதை 2021-இல் வெளியிட்டார்கள். ஆனால் இயற்கையான மாற்றம் படிப்படியாக மங்கிச் செல்லும். சாயம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். அந்தக் கோடு எவ்வளவு கூர்மையாக இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு முடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டு, மிதந்தால் இயற்கை, மூழ்கினால் சாயம் என்கிறார்களே?

நம்பாதீர்கள். கொஞ்சம் எண்ணெய் இருந்தாலே எந்த முடியும் மிதக்கும்.

அதைவிட உருப்படியான வழி ஒன்று இருக்கிறது. ஷாம்பூ மட்டும் போட்டு அலசி, கண்டிஷனரோ சீரமோ இல்லாமல் காய்ந்த முடியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கெமிக்கல் படாத முடியின் மேற்பரப்பில் இயற்கையான கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. சொட்டு தாமரை இலைத் தண்ணீர்போல் சற்று நேரம் உருண்டு நிற்கும். அம்மோனியாவும் பெராக்சைடும் பட்ட முடியில் அந்தப் படலம் போயிருக்கும், அதனால் சொட்டு உடனே பரவி உள்ளே இறங்கிவிடும். வேருக்கு அருகில் ஒரு சொட்டு, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று என்று விட்டுப் பாருங்கள். வேரில் நின்று, நடுவிலிருந்து சட்டென்று உறிஞ்சினால் அந்த இடத்திலிருந்து கெமிக்கல் வேலை நடந்திருக்கிறது. அது கலரிங்கா, முடியை மருந்து வைத்து நேராக்கும் ரீபாண்டிங்கா என்பதை இந்தச் சொட்டு சொல்லாது. நுனி மட்டும் உறிஞ்சினால் வெறும் வெயிலும் தேய்மானமுமாகவும் இருக்கலாம்.

மருதாணி மட்டும்தான் போடுகிறேன். அது கலரா?

கலர்தான். தயவுசெய்து அதைச் சொல்லுங்கள்.

மருதாணியில் இருக்கும் லாசோன் என்ற சாயம் முடியின் கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. நரைமுடியை ஆரஞ்சாக்கும், கருப்பு முடியில் வெயிலில் மட்டும் தெரியும் சிவப்பு மினுக்கத்தைத் தரும். திரும்பத் திரும்பப் போட்டவர்களின் முடி தடித்து, கொஞ்சம் விறைப்பாக, விரலுக்கு இடையே நைலான் நூல் போலத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால்கூட எனக்குத் தெரிந்துவிடும். கற்றுக்கொள்ளும் பெண்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நாற்பது, ஐம்பது தலை தொட்டபின் அவர்கள் கையே சொல்லும்.

சுத்த மருதாணியின் மேல் ப்ளீச் போட்டால் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் ஆரஞ்சு லேசில் இறங்காது. "மஞ்சள் கலந்த பழுப்பு வேண்டும்" என்று கேட்டு வந்தவர் செம்மண் நிறத்தில் திரும்பிப் போவார்.

மருதாணியோடு அவுரி இலைப் பொடியும் போடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவுரியிலிருந்து வருவது நீலச் சாயம். மருதாணிச் சிவப்பும் அவுரி நீலமும் சேர்ந்துதான் கருப்பாகத் தெரிகிறது. ப்ளீச் போட்டால் சிவப்புப் பக்கம் வெளுத்து நீலம் தங்கி, முடி பாசிப் பச்சையாகப் போகும். அவுரி ஏறிய முடி வெயிலில் காக்கை இறகு போல நீலம் கலந்து மின்னும். மருதாணி மினுக்கம் சிவப்பு, அவுரி மினுக்கம் நீலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரிசலாங்கண்ணித் தைலம் தேய்ப்பது வேறு. வீட்டில் காய்ச்சிய தைலம் மேலே ஒட்டியிருக்கும், இரண்டு முறை நன்றாக அலசினால் போய்விடும். கடையில் வாங்கிய "கருமை தரும்" எண்ணெய் என்றால் லேபிளைப் படித்துவிட்டுத்தான் நான் பேசுவேன்.

அரை மணி நேரத்தில் கருப்பாக்கும் மருதாணிப் பொடி வாங்கினேன். இயற்கையானது என்று போட்டிருக்கிறதே?

மருதாணி தனியாக முடியை ஒருநாளும் கருப்பாக்காது. அரை மணியிலும் வேலை செய்யாது; மணிக்கணக்கில் ஊற வேண்டும். அரை மணியில் கருப்பு என்றால் உள்ளே பாரா-ஃபினிலீன்டையமின் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிபிடி என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஷாம்பூ டையிலும் கிரீம் கலரிலும் இருக்கும் அதே மருந்துதான். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் தேடுங்கள்.

இதில் முடியைவிட உடம்புதான் முக்கியம். பிபிடி சிலருக்கு ஒவ்வாது. பத்து வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு பதினோராவது வருடம் முகம் வீங்கி, கண் மூடிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் கருப்பு மெஹந்தி டிசைன் போட்டுக் கொப்புளம் வந்தவர்களுக்குத் தலைச் சாயமும் அப்படியே செய்யலாம். முன்பு எப்போதாவது அரிப்போ வீக்கமோ வந்ததுண்டா என்பதும் முடியின் பழைய கதையில் ஒரு பகுதிதான். சாயம் போடுவதற்கு 48 மணி நேரம் முன்பாகக் காதுக்குப் பின்னால் தொட்டுவைத்துப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். அவசரம் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் மறுத்திருக்கிறேன். கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், பரவாயில்லை.

உலோக உப்பு என்றீர்களே, அது என்ன? எப்படிக் கண்டுபிடிப்பது?

தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தால் நரை தானாகக் கருக்கும் என்று விற்கும் சில திரவங்களிலும், சில கலப்பு மருதாணிப் பொடிகளிலும் ஈயம், வெள்ளி, செம்பு இவற்றின் உப்புகள் இருக்கலாம். இவை முடியின் மேல் படலமாகப் படிந்து கருக்கும். ஈய அசிடேட்டைத் தலைச் சாயத்தில் சேர்க்க அமெரிக்காவில் 1980-இல் கொடுத்த அனுமதியை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ரத்து செய்ய முடிவெடுத்ததே 2018 அக்டோபரில்தான். அதனால் பழைய பொருள், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பாட்டில் என்றால் நான் கூடுதலாகவே சந்தேகப்படுவேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்க ஒரு பெண், சில கொத்துகளை மட்டும் வெளுக்கும் ஹைலைட்ஸ் போட வந்தாள். கலர் பண்ணியதே இல்லை என்றாள், நானும் விட்டுவிட்டேன். ஃபாயிலில் ப்ளீச் வைத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை, "அக்கா, சுடுது" என்றாள். தொட்டால் ஃபாயில் கொதிக்கிறது. ஓடிப்போய்ப் பிரித்து அலசினேன். இரண்டு கொத்து முடி கையோடு வந்துவிட்டது. அப்புறம் கேட்டால், ஊரில் அம்மாச்சி வாங்கிக் கொடுத்த பெயரில்லாத மூலிகைப் பொடியை ஆறு மாதமாகப் போட்டிருக்கிறாள். அவள் பொய் சொல்லவில்லை. "கலர் பண்ணியிருக்கீங்களா" என்று மட்டும் கேட்டது என் தப்பு. அவள் அழுத முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து சோதிக்காமல் நான் ப்ளீச்சைத் தொட்டதில்லை.

பார்லர்களுக்கான சோதனை இது. உள்பக்கத்திலிருந்து ஒரு சிறு கொத்தைக் கத்தரித்து ஒரு முனையில் நூலால் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் 30 மி.லி. 20 வால்யூம் பெராக்சைடு, அதாவது 6 சதவீதம். அதில் 28 சதவீத அம்மோனியா 20 சொட்டு. கொத்தை அதில் அரை மணி நேரம் போட்டுவைத்து அவ்வப்போது பாருங்கள். உலோகம் இல்லாத முடி மெதுவாக லேசாக வெளுக்கும். போட்டதும் மளமளவென்று வெளுத்தால் ஈயம். அரை மணி ஆகியும் துளிகூட வெளுக்காவிட்டால் வெள்ளி. படலம் மருந்தை உள்ளே விடவில்லை. கிண்ணம் சூடாகி, நுரைத்து, நாற்றம் வந்து முடி பிய்ந்தால் செம்பு. மூன்றில் எதுவாக இருந்தாலும் அந்தத் தலையில் பெராக்சைடு சம்பந்தப்பட்ட எந்த வேலையும் வேண்டாம். வளர்ந்து வெட்டி எறியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில், கிண்ணத்தை மூடாமல் செய்ய வேண்டும். வீட்டில் செய்யாதீர்கள். அந்த அம்மோனியா கண்ணையும் மூச்சையும் பதம் பார்க்கும்.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை எதுவும் இல்லையா?

ஈரமான வெள்ளைத் துண்டில் முடியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் கழுவினால் போகும் தற்காலிகச் சாயமோ, சமீபத்தில் போட்ட சாயமோ இருக்கிறது. ஒட்டாவிட்டால் சாயமே இல்லை என்று அர்த்தமில்லை. பழைய நிரந்தரச் சாயம் துண்டில் ஒட்டாது.

கொஞ்சம் விவரமானவர்களுக்கு ஸ்ட்ராண்ட் டெஸ்ட். உள்ளடுக்கில் ஒரு சின்னக் கொத்தை வேரருகே வெட்டி, எது வேர்ப்பக்கம் என்று நூல் கட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் போடப்போகும் அதே கலவையை அதில் மட்டும் போட்டுப் பாருங்கள். ப்ளீச் என்றால், சாயம் படாத கருப்பு முடி செம்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு என்று வேரிலிருந்து நுனிவரை ஏறக்குறைய ஒரே வேகத்தில் இறங்கும். சாயம் இருந்தால் நடுவில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு மேலே ஆரஞ்சு, கீழே இன்னும் கருஞ்சிவப்பு. அந்தக் கோடுதான் நீங்கள் தேடிய பதில். தலையில் இருக்கும்போது வைத்துப் பார்க்காதீர்கள், வெட்டியெடுத்த கொத்திலேயே செய்யுங்கள்.

என் மகனுக்குப் பிறவியிலேயே செம்பட்டை முடி. பள்ளியில் "கலர் அடித்திருக்கிறான்" என்று நிற்க வைக்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட அம்மா கடையில் உட்கார்ந்து அழுதார். அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

இயற்கைச் செம்பட்டைக்கு வேரில் கோடு இருக்காது. தோலிலிருந்து முளைக்கும் முதல் மில்லிமீட்டரே பழுப்பாக இருக்கும். புருவம், கண்ணிமை, முன்கை ரோமம் எல்லாம் அதே குடும்பத்து நிறமாக இருக்கும். சாயம் அடித்த பையனுக்கு முன்கை ரோமம் கருப்பாகவே இருக்கும். குழந்தையாக இருந்தபோது எடுத்த படங்களும் இருக்கும். இவற்றைக் காட்டி ஆசிரியரிடம் அமைதியாகப் பேசுங்கள். வெயிலில் விளையாடும் பிள்ளைகளுக்கும் குளோரின் தண்ணீரில் நீச்சல் அடிக்கும் பிள்ளைகளுக்கும் மேலடுக்கும் நுனியும் மட்டும் செம்பட்டையாகும். அவர்களுக்கு வேர் கருப்பாக இருக்கும். இங்கேதான் தவறு நடக்கிறது. வேர் கருப்பு, நுனி பழுப்பு என்றதும் சாயம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோடு கூர்மையா, மெல்ல மங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கொத்தைத் தூக்கி உள்ளடுக்கைப் பார்க்க வேண்டும். வெயில் உள்ளடுக்கு வரை அவ்வளவாகப் போகாது, சாயமோ உள்ளேயும் போயிருக்கும்.

ஜப்பானில் இது நீதிமன்றம்வரை போனது. ஒசாகா மாகாணத்தில் ஒரு பள்ளி மாணவி, தன் முடி இயல்பிலேயே பழுப்பு, அதைக் கருப்பாக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள் என்று 2017-இல் வழக்குப் போட்டாள். ஆசிரியர்கள் அவள் முடியின் வேரைப் பார்த்து இயற்கை நிறம் கருப்புதான் என்று முடிவு செய்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு அந்த முடிவையும் பள்ளியின் விதியையும் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் வகுப்பிலிருந்து அவள் மேசையை எடுத்ததற்கும் பெயர்ப்பட்டியலிலிருந்து அவளை நீக்கியதற்கும் 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2022 ஏப்ரல் முதல் டோக்கியோ மாநகர அரசுப் பள்ளிகள் எல்லோரும் கருப்பு முடியோடுதான் இருக்க வேண்டும் என்ற விதியைக் கைவிட்டன. ஒரு குழந்தையின் முடியைப் பார்த்து முடிவு சொல்வதை எவ்வளவு கவனமாகச் செய்ய வேண்டும் என்று எனக்கு உணர்த்திய வழக்கு இது.

ஒன்று மட்டும். முன்பு கருப்பாக இருந்த குழந்தையின் முடி திடீரென்று செம்பட்டையாகி, உலர்ந்து, இழுத்தால் கையோடு வந்தால், ஒரே முடியில் கருப்பும் வெளிறலும் பட்டைபட்டையாக மாறி மாறித் தெரிந்தால், பார்லருக்கு வராதீர்கள். அது சத்துக்குறைவாக இருக்கலாம், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குளோரோகுயின் போன்ற சில மருந்துகளாலும் முடி நிறம் மங்குவதுண்டு.

ப்ளீச் செய்துவிட்டுத் திரும்பக் கருப்பாக்கிய முடியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு இழையை ஈரமாக்கி மெதுவாக இழுங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். ப்ளீச் பட்ட முடி சூயிங்கம் போல நீண்டுகொண்டே போகும், அல்லது சட்டென்று அறும். நிறம் கருப்பாக இருந்தாலும் சில அலசலிலேயே செம்பு நிறம் எட்டிப்பார்க்கும். இந்த முடிக்கு ரீபாண்டிங் கேட்டு வந்தால் நான் செய்வதில்லை. முடியின் உள்கட்டு ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, ரீபாண்டிங் மருந்து மிச்சக் கட்டையும் பிரித்துவிடும்.

ஆண்களுக்கு?

முடி குட்டை, அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு முந்தைய கதை எதுவும் இருக்காது. கிருதாவையும் மீசையையும் பாருங்கள். மீசை முடி தடிமனானது, சாயம் சீராக ஏறாது. காதின் மேல் ஓரத்திலும் நெற்றி விளிம்பிலும் தோலில் கறை இருந்தால் அந்த வாரம் போட்டது.

சவுரி வாங்கும்போது சாயம் போட்டதா என்று பார்ப்பது எப்படி?

திருமலைக் கல்யாணக்கட்டாவில் இறக்கும் முடியைத் தேவஸ்தானம் நீளவாரியாகப் பிரித்து ஏலம் விடுகிறது. நேர்த்திக்கடன் முடிக்கு நல்ல விலை இருப்பதற்கு ஒரு காரணம், அதில் பெரும்பகுதி வாழ்நாளில் கெமிக்கலே படாத முடி என்பது. ஒரே ஆளின் முடி, வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று திசை மாறாமல் இருக்கும்.

தெருவில் பாத்திரத்துக்கும் ஊசி பாசிக்கும் வாங்கும் சிக்கு முடி வேறு. பலர் தலையிலிருந்து சீப்பில் வந்தது, திசை கலந்தது. அமிலத்தில் அலசி, மேல் செதிலை எடுத்து, ஒரே கருப்பில் தோய்த்து, சிலிக்கான் பூசி விற்பார்கள். கடையில் பட்டு மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ போட்டு ஒரு கொத்தை அலசி, வெள்ளைத் துண்டில் பிழிந்து பாருங்கள். கறை ஒட்டும், இரண்டு மூன்று அலசலில் பளபளப்பும் போகும். இன்னொரு அடையாளம்: மனிதத் தலையில் விளைந்த கொத்தில் நுனி கொஞ்சமாவது பழுப்பாக இருக்கும். இரண்டு முனையும் அச்சு மாறாமல் ஒரே கருப்பு என்றால் அது தோய்த்தது.

பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை டை அடித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியுமா?

மேலே சொன்னதை வைத்து முடியும். ஆனால் அதற்காக இதை நான் எழுதவில்லை. அவரிடமே கேளுங்கள். இளநரை பரம்பரையில் வருவது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, பார்லருக்குப் போகும்போது நான் என்ன சொல்ல வேண்டும்?

"கலர் பண்ணியிருக்கிறேனா" என்று யோசிக்காதீர்கள். உங்கள் முடியின் நீளத்தை வைத்து எத்தனை வருடம் என்று கணக்குப் போட்டு, அந்தக் காலத்தில் தலையில் என்னென்ன வைத்தீர்கள் என்று யோசியுங்கள். மருதாணி, அவுரி, பாக்கெட் பொடி, ஷாம்பூ டை, நரை கருக்கும் எண்ணெய், ரீபாண்டிங், கெரட்டின் ட்ரீட்மென்ட், நீச்சல் குளம், போர்த் தண்ணீர். பிரசவத்துக்கு முன் போட்டது, வெளியூரில் படிக்கும்போது தோழி போட்டுவிட்டது எல்லாம் சேர்த்தி. பெயர் தெரியாவிட்டால் காலி பாக்கெட்டையோ பாட்டிலையோ கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் லேபிளைப் போனில் படம் எடுத்து வாருங்கள்.

முந்தின நாளே அலசிவிட்டு, எண்ணெய் வைக்காமல், பகல் வெளிச்சம் இருக்கும்போது வாருங்கள். கலர் போடுகிறவர் பிடரி முடியைத் தூக்கிப் பார்க்காமல், ஒரு கொத்தைச் சோதிக்காமல் நேராக மருந்தைக் கலக்கத் தொடங்கினால், எழுந்து வந்துவிடுங்கள்.